எச்.பி.வி. பாசிட்டிவ் வந்துவிட்டதா? அடுத்து எங்கே போவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்

சென்ற ஆண்டு மார்ச்சில் என் கையில் ஒரு லேப் ரிப்போர்ட் வந்தது. "எச்.பி.வி. 16: உள்ளது" என்று ஒரு வரி. எச்.பி.வி. என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ், 16 அதில் ஒரு வகை. அன்றிலிருந்து சிகிச்சை முடிந்து, வைரஸ் போய்விட்டது என்று தெரிய பதினோரு மாதம் ஆனது. அதில் மூன்று மாதமாவது வீண். வாங்கிவராத ஸ்லைடு, பயந்துபோய் ஓடிய ஓட்டம் எல்லாம் சேர்ந்து தின்ற மாதங்கள் அவை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. கர்ப்பப்பை வாயில் வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். அது போகாமல் அங்கேயே தங்கினால்தான் செல்கள் ஆபத்தாக மாறத் தொடங்கும். மாறிய செல்கள் புற்றுநோயாக ஆவதற்கு வழக்கமாகப் பத்து, பதினைந்து வருடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும்.

1. பரிசோதனை கொடுப்பதற்கு முன்பு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாகச் செய்வது வி.ஐ.ஏ. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, எங்காவது வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். நல்ல பரிசோதனைதான், போய்ச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது வைரஸைப் பார்ப்பதில்லை. பாப் ஸ்மியரும் வைரஸைப் பார்ப்பதில்லை, செல்களின் தோற்றத்தைத்தான் பார்க்கிறது. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை தனி.

ஏன் தனியாக அதைச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வைரஸ் பரிசோதனை செய்யப்பட்ட பெண்களிடம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட பாதிதான்.

லேபில் பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: 16, 18 வகைகளைத் தனித்தனியாகச் சொல்வீர்களா? அபாயம் அதிகமான வகைகள் மொத்தம் பதினான்கு என்று கணக்கு. அதில் இந்த இரண்டு மட்டும் சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். எல்லாவற்றையும் சேர்த்து வெறுமனே "பாசிட்டிவ்" என்று கொடுத்தால் அடுத்த முடிவு எடுப்பது கஷ்டம்.

இரண்டு: எந்தக் குப்பி? நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதலில் போன கிளினிக்கில் கண்ணாடி ஸ்லைடில் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். "அதிலேயே வைரஸும் பார்த்துவிடலாம்" என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். முடியாது. திரவம் உள்ள குப்பியில் எடுத்தால்தான் ஒரே மாதிரியில் இரண்டையும் செய்யலாம். அதிலும் லேபின் இயந்திரத்துக்கு ஏற்ற குப்பியாக இருக்க வேண்டும். லேபிலிருந்தே குப்பியை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவது பாதுகாப்பு.

மூன்று: 6, 11 போன்ற வகைகளையும் சேர்த்து பேக்கேஜ் விற்கிறார்களா? அவை மருவை உண்டாக்குபவை, புற்றுநோயை அல்ல. அந்தக் கூடுதல் பணம் வேண்டாம். ரத்தத்தில் எச்.பி.வி. பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது.

மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம், தாம்பத்தியம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: வைரஸ் பரிசோதனைக்கான மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கிறது. உங்கள் லேப் ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள். பாப் ஸ்மியருக்கு மட்டும் அது முடியாது.

2. ரிப்போர்ட்டைப் படிப்பது

என் ரிப்போர்ட் ஐந்து நாளில் வந்தது. பெரும்பாலும் மூன்று வரி இருக்கும்: 16, 18, மற்ற பன்னிரண்டு வகைகள். ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன என்பது வேறு.

எதுவும் இல்லை என்றால் ஐந்து வருடம் கழித்துப் போனால் போதும். வருடா வருடம் எடுக்கத் தேவையில்லை.

16 அல்லது 18 இருந்தால், பாப் ஸ்மியர் சுத்தமாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பூதக்கண்ணாடி வைத்த கருவியால் பார்க்கும் பரிசோதனை, செய்துவிட வேண்டும். "பாப் நார்மல்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று என்னிடமும் சொன்னார்கள். கேட்காதீர்கள். 18 வகைக்கு இன்னொரு தந்திரம் உண்டு. அது கர்ப்பப்பை வாயின் உள்பாதையில் இருக்கும் சுரப்பிச் செல்களைத் தாக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் உள்பாதையிலிருந்தும் சுரண்டி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

மற்ற வகைகள் மட்டும் இருந்து, பாப் அல்லது வி.ஐ.ஏ. நார்மல் என்றால் பதற வேண்டாம். அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு வருடம் கழித்தும், உலக சுகாதார நிறுவனம் இரண்டு வருடம் கழித்தும் மறுபடி வைரஸ் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. அப்போதும் இருந்தால் கால்போஸ்கோப்பி.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தக் காலக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மாற்றம் வேகமாக நடக்கும். பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. எச்.ஐ.வி.க்கு மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே கேளுங்கள்.

வைரஸை ஒழிக்க மாத்திரை ஏதும் இல்லை. எதிர்ப்பு சக்தி மாத்திரை என்று மாதம் ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தால், அது எந்த வழிகாட்டுதலில் இருக்கிறது என்று கேளுங்கள். தடுப்பூசி வருமுன் காப்பது, ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்காது.

அப்புறம், வீட்டுச் சண்டை. இது எங்கிருந்து வந்தது என்று கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதைக் காத்திருப்பு அறையிலேயே பார்த்திருக்கிறேன். இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடலில் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு எப்போதோ ஒருமுறை வந்து போவது இது. ரிப்போர்ட்டை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

3. கால்போஸ்கோப்பியும் பயாப்சியும்

பெயர்தான் பெரிது. பூதக்கண்ணாடி வைத்த கருவியை வெளியே நிறுத்தி, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். கொஞ்சம் எரியும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள், அதுதான் பயாப்சி. எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மறுநாள் வேலைக்குப் போனேன்.

படுப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "மாற்றம் நடக்கிற பகுதி முழுவதும் தெரிகிறதா என்று ரிப்போர்ட்டில் எழுதுவீர்களா?" கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கச் செல்களும் உள்பாதைச் செல்களும் சந்திக்கும் இடம் அது, நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். சிகிச்சையைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு வரிதான். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்தப் பகுதி உள்ளே போய்விடும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டுவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தார்கள்.

பயாப்சி முடிவு ஒரு வாரம், பத்து நாளில் வரும். சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதியிருப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம் எந்த அளவு என்பதற்கான எண் அது. 1 என்றால் பெரும்பாலும் தானே சரியாகும், சிகிச்சை வேண்டாம், ஒரு வருடம் கழித்து மறுபடி வைரஸ் பரிசோதனை. 3 என்றால் சிகிச்சை கட்டாயம். 2 இடைப்பட்டது, வழக்கமாகச் சிகிச்சை செய்வார்கள். ஆனால் இனிமேல் குழந்தை பெற நினைக்கும் இளம்பெண் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணித்துக்கொண்டு காத்திருக்கவும் வழி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

பயாப்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு நிலையும் இருக்கிறது. 16 வகையும் இருந்து, பாப் ஸ்மியரிலும் எச்.எஸ்.ஐ.எல். (செல்களில் தீவிர மாற்றம்) என்று வந்திருந்தால், கர்ப்பமாக இல்லாத 25 வயதைத் தாண்டிய பெண்களுக்கு நேரடியாக லீப் (கெட்ட பகுதியை வெட்டி எடுக்கும் சிகிச்சை, கீழே விளக்கியிருக்கிறேன்) செய்வதையே அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதல் விரும்புகிறது. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு இது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும்.

கர்ப்பமாக இருந்தால் கால்போஸ்கோப்பி செய்யலாம், உள்பாதையைச் சுரண்டக் கூடாது. புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாதவரை சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

4. எந்தச் சிகிச்சை? இங்கே அவசரப்படாதீர்கள்

எனக்கு வந்தது சி.ஐ.என். 3. பயாப்சி எடுத்த தனியார் மருத்துவமனையில் சொன்ன முதல் வார்த்தை: "உங்களுக்குத்தான் இரண்டு குழந்தை இருக்கிறதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்." எனக்கு அப்போது 38 வயது. அட்மிஷன் தேதிகூடக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சரி என்றார்கள். நான் மட்டும் இரண்டு இரவு தூங்காமல், மூன்றாம் நாள் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குக் கர்ப்பப்பையை எடுப்பது முதல் சிகிச்சை இல்லைம்மா. உள்ளே புற்றுநோய் ஒளிந்திருந்தால், இப்படி எடுத்துவிட்ட பிறகு முறையான ஆபரேஷன் செய்வதே சிக்கலாகிவிடும்."

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்றும் இல்லை. வைரஸ் பெண்ணுறுப்பின் உட்சுவரிலும் இருக்கலாம். எடுத்த பிறகும் வருடக்கணக்கில் பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆகவே, வேறு காரணம் எதுவும் இல்லாமல் சி.ஐ.என்.னுக்காக மட்டும் யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரியான வழிகள் இரண்டு.

பொசுக்குவது ஒன்று. சூடான கருவியை வைத்தால் தெர்மல் அப்ளேஷன், குளிரால் உறைய வைத்தால் கிரையோ. மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை, சில நிமிடத்தில் முடியும். ஆனால் பொசுக்கிவிட்டால் லேபுக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. அதனால் புற்றுநோய் சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது, மாற்றம் நடக்கும் பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கெட்ட இடம் உள்பாதைக்குள் போயிருக்கக் கூடாது.

வெட்டி எடுப்பது இன்னொன்று. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுப்பது, இதைத்தான் லீப் என்கிறார்கள். அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. எடுத்த சதை லேபுக்குப் போகும். உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும். ஆழமாக எடுத்தால் பிற்காலக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கெட்ட இடம் பெரிதாக இருந்தது, அதோடு 16 வகை வேறு. லீப்தான் சரி என்று முடிவானது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. "கர்ப்பப்பை வாயில் ரணம் இருக்கிறது, சுட்டுவிடலாம்" என்று வைரஸும் பார்க்காமல், பயாப்சியும் எடுக்காமல் பொசுக்குவது. ரணம் என்று சொல்வது பல நேரம் ஹார்மோனால் வெளியே தெரியும் சாதாரணச் செல்கள். அதற்குச் சூடு வைத்தால் பயன் இல்லை. உண்மையிலேயே நோய் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும், அது இன்னும் மோசம்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மருத்துவமனை மாறியபோது என்னிடம் பயாப்சி ரிப்போர்ட் மட்டும் இருந்தது. புது இடத்தில் "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்று கேட்டார்கள். பிளாக் என்பது உங்கள் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. அதை வாங்க எழுத்தில் விண்ணப்பம், ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது மூன்றும் கேட்டு, மூன்று வாரம் அலைக்கழித்தார்கள். பயாப்சி முடிவு வாங்கப் போகும் நாளிலேயே விண்ணப்பத்தையும் எழுதிக்கொண்டு போய்விடுங்கள்.

ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: எச்.பி.வி. ரிப்போர்ட் (வகை எழுதியது), பாப் ரிப்போர்ட், படத்தோடு கால்போஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்சி ரிப்போர்ட், ஸ்லைடு, பிளாக், கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தடித்த எழுத்தில் எழுதி மேலேயே வையுங்கள். லேப் ரிப்போர்ட்டின் மை மங்கிவிடும், செல்போனில் படமெடுத்து வையுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிந்துகொள்ளலாம். வருமானச் சான்று கிடைக்க நாளாகும் என்பதால் பாசிட்டிவ் வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் சிகிச்சை அதில் வருமா என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டால் பணம் திரும்பாது. தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர்கள் லீப்பை ஒருநாள் சிகிச்சையாக ஏற்பார்களா, முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள்.

6. எவ்வளவு ஆனது

என் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். எச்.பி.வி. பரிசோதனைக்கு 2,200 ரூபாய். விசாரித்த லேப்களில் 1,500 முதல் 4,000 வரை சொன்னார்கள். கால்போஸ்கோப்பிக்கு 2,500, பயாப்சி லேபுக்குத் தனியாக 1,800. லீப்புக்குத் தனியார் இரண்டு இடத்தில் 28,000 என்றும் 45,000 என்றும் சொன்னார்கள். சதைப் பரிசோதனை அதில் சேர்த்தியா என்று கேட்டால் இரண்டு இடத்திலும் இல்லை.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டேன், பணம் வாங்கவில்லை. காத்திருந்தது மூன்று வாரம். சி.ஐ.என். 3க்கு மூன்று வாரம் காத்திருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி. கால்போஸ்கோப்பி எந்தக் கிழமை என்று முதலில் ஓ.பி.யில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போனது தவறான கிழமை, ஒரு நாள் சம்பளம் போனது.

7. லீப் அன்றும் அடுத்த நான்கு வாரமும்

மாதவிலக்கு முடிந்த ஒரு வாரத்துக்குள் தேதி வாங்குங்கள். ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கலாம். அந்த மருந்தில் ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் கலந்திருப்பதால் வருவது, சில நிமிடத்தில் அடங்கும். தீய்ந்த வாடை வரும், பயப்பட வேண்டாம். துணைக்கு ஒருவர் வரட்டும், தனியாக பஸ்ஸில் திரும்பாதீர்கள்.

ரத்தம் நிற்க ஒரு பசையைத் தடவி அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாள் கறுப்பாக, காபித்தூள் மாதிரி வெளியே வரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, இரவு பதினோரு மணிக்கு அழுதேன். ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு உதிரும்போது கொஞ்சம் ரத்தம் படும், அதுவும் வழக்கம்தான். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றம் அடித்தாலோ உடனே போங்கள். நான்கு வாரம் தாம்பத்தியம் வேண்டாம், குளம் ஆற்றில் குளியல் வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். கடைசியை வீட்டில் உள்ளவர்களிடம் நீங்களே சொல்லாமல், மருத்துவரைச் சொல்ல வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

சதை ரிப்போர்ட்டில் "விளிம்பு" என்று ஒரு வரி இருக்கும். வெட்டிய ஓரத்தில் கெட்ட செல் இருந்ததா என்பது அது. இருக்கிறது என்று வந்தாலும் உடனே மறுபடி வெட்டிக்கொள்ள ஓடாதீர்கள். நோய் மிச்சம் இருக்கிறதா என்பதை விளிம்பைவிட, பின்னால் செய்யும் வைரஸ் பரிசோதனை நன்றாகச் சொல்கிறது.

8. ஆறு மாதம் கழித்து, அதற்கு முன்பு வேண்டாம்

சிகிச்சை பலித்ததா என்று சொல்லப்போவது இந்தப் பரிசோதனைதான். மாறிய செல்களை எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு வைரஸும் மெல்ல மெல்ல மறையும். அதற்கு அவகாசம் வேண்டும். நான் பொறுக்காமல் இரண்டாம் மாதமே தனியார் லேபில் 2,200 ரூபாய் கட்டி எடுத்தேன். பாசிட்டிவ். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்து வீடே இருண்டுபோனது. மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஃபைலிலேயே சேர்க்கவில்லை. "இதை வைத்து நான் எதுவும் செய்யப்போவதில்லை, ஆறாம் மாதம் வாருங்கள்" என்றார். ஆறாம் மாதம் நெகட்டிவ்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் பன்னிரண்டு மாதம் என்கிறது. உங்கள் மருத்துவர் இரண்டில் எதைப் பின்பற்றுகிறார் என்று லீப் முடிந்து வீடு திரும்பும் அன்றே கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். முதலில் எடுத்த அதே லேபில், அதே வகைப் பரிசோதனையாக எடுத்தால் ஒப்பிட வசதி.

பாசிட்டிவ் வந்தால் மறுபடி கால்போஸ்கோப்பி, அதில் ஏதாவது தெரிந்தால்தான் மறுபடி சிகிச்சை. நெகட்டிவ் வந்தால் அமெரிக்க வழிகாட்டுதல்படி வருடம் ஒருமுறை, தொடர்ந்து மூன்று நெகட்டிவ் வரும்வரை. அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 25 வருடம். நீண்ட காலம்தான். முன்பு சி.ஐ.என். 3 வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இந்தக் கணக்கு.

எங்கள் வீட்டுச் சமையலறையில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். அடுத்த பரிசோதனை மாதம், லேபின் பெயர், ஃபைல் பீரோவின் எந்தத் தட்டில் இருக்கிறது, மூன்றும் அதில் உண்டு. என் மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதியையும் அதே அட்டையில் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.